எட்டாவது தட்டு

தம்பியின் நிச்சயதார்த்தத்துக்காக சாக்ரமென்டோவிலிருந்து சான் ஹோசேக்கு வந்த நாள் முதலாகவே குயென் அம்மாவின் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

குறை சாப்பாட்டில் இல்லை. வியாழக்கிழமை அம்மாவின் நூடுல்ஸ் கடைக்குப் போனவள், எதையோ தேடிப் பின்கதவைத் திறந்தாள். அரிசி மூட்டைகளுக்கும் மீன்சாறு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு மடக்குக் கட்டில். அதன்மேல் ஆணியில் இரண்டு சட்டை. சோன் அண்ணன் படுக்கிற இடம் அது. குயென் கல்லூரிக்குப் போனதும் அவளுடைய அறையை அண்ணனுக்கே கொடுத்துவிட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். பதின்மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சோன் அவள் கூடப் பிறந்தவன் இல்லை. அவன் எப்படி வந்தான் என்பது அவளுக்குத் தெரியும். தம்பி கியெட்டுக்குத்தான் தெரியாது. அமெரிக்கா வரும்போது அவனுக்கு ஆறு வயது; அம்மா எடுத்து வளர்த்த அநாதை என்றே நம்பியிருந்தான்.

வியட்நாம் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகளை, குடும்பத்தோடு அமெரிக்கா ஏற்றுக்கொள்ளும் என்று சட்டம் வந்தது. அன்றுவரை சுருட்டைமுடிக்காகவும் கறுத்த தோலுக்காகவும் அந்தப் பிள்ளைகள்மேல் கல்லெறிந்த சைகோன் மக்கள், மறுநாளே 'தங்கப் பிள்ளை' என்று கொஞ்சிக்கொண்டு தேடி அலைந்தார்கள். குயெனின் அப்பாவும் அம்மாவும் மீகாங் ஆற்றின் படகுத்துறையில் பழம் விற்ற ஒருத்தியிடம் போய், ஒரு வருடத்தில் உன்னையும் வரவழைக்கிறோம் என்று சத்தியம் செய்து, பதினெட்டு வயது மகனை வாங்கி வந்தார்கள். காகிதத்தில் அவன் அம்மாவின் மூத்த மகன் ஆனான். பெயரும் மாறியது.

பதின்மூன்று வயதுக் குயென் ஒரு மாதம் பாடம் படித்தாள். அண்ணன் எந்தப் பக்கம் படுப்பான், என்ன பிடிக்கும், எப்போது அவளை அடித்தான். நேர்காணலில் அதிகாரி கேட்டதும் "எங்க அண்ணன்!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதிகாரி மிட்டாய் கொடுத்தார்.

விமானம் இறங்கிய அன்றே அம்மா அவனிடம் சொன்னாள்: "இனிமே என்னை அம்மான்னு கூப்பிடாதே. பெரியம்மான்னு கூப்பிடு போதும்."

*

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வீடு அமர்க்களப்பட்டது. சிவப்புப் பட்டுத் துணி போர்த்திய எட்டுத் தட்டுகள் கூடத்தில் வரிசையாக இருந்தன. வெற்றிலை பாக்கு, தேயிலை, பழம், சிவப்புச் சோறு, கடைசியில் முழுசாக வறுத்த பன்றி. கல்யாணமாகாத எட்டு ஆண்கள் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும்.

ஏழு பேர்தான் வந்திருந்தார்கள்.

"காய்ச்சலாம்!" கியெட் போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "ஒத்தப்படையில போனா அவங்க வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்கம்மா. யாரைப் பிடிக்கறது?"

"சோன் அண்ணன் இருக்காரே" என்றாள் குயென்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை குயெனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கறி வெட்டும்போது கெட்டுப்போன துண்டைத் தள்ளிவைக்கிற பார்வை.

"அவனா? பெண் வீட்டுக்காரங்க முன்னாடியா?"

"ஏன், அவருக்கு என்ன?"

"முப்பத்தாறு வயசுக்காரன், அந்த நிறத்துல, அந்த மயிரோட... போட்டோவுல விழுவான்டி. காலத்துக்கும் இருக்கப்போற போட்டோ."

"நேரமாச்சும்மா" என்று கியெட் பரிதாபமாகச் சொன்னான். கடைசியில் நேரம்தான் ஜெயித்தது.

சோன் கடையிலிருந்து வந்தான். எலும்புச் சாற்றின் வாடை அவன்மேல் ஊறிப்போயிருந்தது. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, கியெட்டின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். தோளில் சட்டை பிடித்தது.

"நீ கடைசியா வரணும்" என்றாள் அம்மா. "பன்னியத் தூக்கிக்கோ, அதான் கனம். யாரு பேசினாலும் தலைய ஆட்டு, வாயத் திறக்காதே. போட்டோக்காரன் கேமராவத் தூக்கினா குனிஞ்சு லேஸ் கட்டு."

"சரி பெரியம்மா."

"இந்த ஷூவுல லேஸ் இல்லையே" என்றான் பிறகு, மெதுவாக, குயெனிடம். சிரித்தான். குயெனுக்குச் சிரிப்பு வரவில்லை.

*

பெண் வீடு சான் ஹோசேயின் கிழக்கே, பத்து நிமிட தூரம். வாசலில் பூ வளைவு. எட்டுப் பெண்கள் மஞ்சள் உடையில் தட்டு வாங்க நின்றார்கள். அவர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவள் மணப்பெண் யென்னின் நாலாம் அத்தை. அவளை அவள் அண்ணன், யென்னின் அப்பா, ஊரிலிருந்து வரவழைத்து ஒரு வருடம்தான் ஆகிறது. குரல் இன்னும் படகுத்துறைக் குரலாகவே இருந்தது.

"தோளை நிமித்துங்கடி! மாப்பிள்ளை பாக்க வந்திருக்கீங்களா, மாங்கா பொறுக்க வந்திருக்கீங்களா?"

ஒவ்வொரு தட்டாகக் கை மாறியது. ஏழாவது போனது. எட்டாவதாக சோன் வந்தான். பன்றித் தட்டின் கனத்தில் சட்டைக் கை மேலே ஏறி, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஓடிய பழைய வெந்த தழும்பு வெயிலில் பளபளத்தது.

நாலாம் அத்தையின் குரல் நின்றுபோனது. தழும்பைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள்.

"லான்?"

அந்தப் பெயரைச் சொல்லிப் பதினெட்டு வருடமாக யாரும் கூப்பிட்டதில்லை. சோன் திரும்பினான்.

"அய்யோ! லான்தான்! துறையில பழம் வித்த ஏழாமக்கா மகன் லான்! ஏண்டா, நீ செத்துட்டேன்னு சொன்னாங்களே! உங்கம்மா உனக்கு வருஷா வருஷம் படையல் போடறாளேடா!"

தட்டு சாய்ந்தது. பக்கத்தில் நின்றவன் தாங்கிப் பிடித்தான்.

"எங்கம்மா..." சோன் ஒரு அடி முன்னால் வந்தான். "எங்கம்மா செத்துட்டாங்க. தொண்ணூத்திரண்டுலயே."

"எவன் சொன்னான்? நான் விமானம் ஏற வந்தப்ப ஒரு பை ரம்புட்டான் பழம் குடுத்து அனுப்பினாளே!"

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். நீலப் பட்டு, முத்து மாலை, முகம் நிறைய சிரிப்பு. "ஆள் மாறிப் பாக்குறீங்கம்மா. இவன் அநாதை. பாவம்னு நாங்க எடுத்து வளத்தோம். புத்தி கொஞ்சம் மட்டு, யாரு எந்தப் பேரச் சொன்னாலும் திரும்புவான்." பிறகு சிரிப்பு மாறாமலே அவன் பக்கம் திரும்பி, "போய் வேன்ல உக்காரு" என்றாள்.

அவன் போனான்.

அதைத்தான் குயெனால் தாங்க முடியவில்லை. நாய்க்குட்டிகூட ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். அவன் குனிந்த தலையோடு வேனை நோக்கி நடந்தான்.

மணப்பெண்ணின் அப்பா நெகிழ்ந்துபோய், "அநாதைப் பிள்ளைய வளர்த்தீங்களா? பெரிய மனசு" என்றார். அம்மா அடக்கமாகத் தலை குனிந்துகொண்டாள்.

*

சடங்கு நடந்தது. முன்னோர் படங்களுக்கு ஊதுவத்தி ஏற்றினார்கள். அம்மா, வருங்கால மருமகளின் காதில் தன் கையாலேயே தங்கத் தோடுகளை மாட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

குயென் தட்டவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் கடையின் பின்னறைச் சுவரில் இருக்கும் சின்னப் பலகை நின்றது. அதில் சோன் தன் தாய்க்கு வைத்திருக்கும் ஊதுவத்திக் கிண்ணம். படம் கிடையாது, அதனால் ஒரு காகிதத்தில் பெயர் மட்டும். பதினாறு வருடமாக, நான்காம் மாதம் ஒன்பதாம் தேதி, உயிரோடு இருக்கிற தாய்க்கு ஒரு மகன் திதி கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

நாலாம் அத்தை அவளருகே வந்து காதோடு சொன்னாள். "பொண்ணே, நான் பைத்தியமில்லே. அந்தத் தழும்பு, மூணு வயசுல கொதிக்கிற சர்க்கரப் பாகு கொட்டினது. பாகு காய்ச்சினது நான்தான். படகுத்துறையில எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கடை."

"செத்துட்டாருன்னு யாரு சொன்னது?"

"அமெரிக்காலேர்ந்து கடுதாசி வந்துச்சு. நான்தான் அவளுக்குப் படிச்சுக் காமிச்சேன்."

குயென் எழுந்தாள். அம்மாவின் முழங்கையைப் பிடித்து, "ஒரு நிமிஷம்" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். துணி துவைக்கும் இயந்திரம் இருந்த சின்ன அறை. கதவைச் சாத்தினாள்.

"அந்தக் கடுதாசிய நீ எழுதினியா?"

"இங்க வச்சா கேப்பே? ஊரே உக்காந்திருக்கு."

"எழுதினியா இல்லையா?"

அம்மா மாலையைச் சரிசெய்துகொண்டாள். "எழுதினேன்."

"ரெண்டு பக்கமுமா? அவருகிட்ட அம்மா செத்துட்டான்னு சொல்லிட்டு, அவங்களுக்குப் பிள்ளை செத்துட்டான்னு..."

"ஒரு பக்கம் மட்டும் சொன்னா மறு பக்கம் தேடிக்கிட்டே இருக்குமேடி" என்றாள் அம்மா, புரியாத குழந்தைக்கு விளக்குகிற மாதிரி. "மாசம் ஒரு கடுதாசி போட்டுக்கிட்டிருந்தா. எப்ப கூப்பிடுவீங்க, எப்ப கூப்பிடுவீங்கன்னு. அவ வந்திருந்தா அவன் அவளோட போயிருப்பான். கடை திறந்து ஒரு வருஷம். அடுப்படியில யாரு நிக்கிறது? உங்கப்பாவுக்கு நெஞ்சு வலி, அதுலதானே போனாரு. நீ படிக்கணும்னே."

"அவரு சொல்லச் சொல்ல நான் எழுதிக் குடுத்த லெட்டர் எல்லாம்?"

"அடுப்புல போச்சு."

குயென் துவைக்கும் இயந்திரத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அவனுக்கு எழுதத் தெரியாது. அவனைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சேர்த்ததில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் எதிரில் கை கட்டி உட்கார்ந்து சொல்வான்: அம்மா, இங்க குளிருது, ஆனா எனக்குக் கோட்டு இருக்கு. அம்மா, நான் நல்லா இருக்கேன். அத்தனையும் அடுப்பு தின்றிருக்கிறது.

"திதிக்குக் கோழி நீதானே வாங்கிக் குடுப்பே?"

"ஆமா. நல்ல கோழியாத்தான் வாங்குவேன். அதுல குறை வச்சேனா?"

 குயென் துணி அலசும் தொட்டியில் குனிந்தாள். காலையில் குடித்த காபி அப்படியே வெளியே வந்தது. அம்மா பழக்கதோஷத்தில் முதுகைத் தடவ வந்தாள்.

"தொடாதே!"

அம்மாவின் முகம் இறுகியது. முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "என்னடி அருவருப்பு உனக்கு? அந்த அதிகாரி முன்னாடி நின்னு, ஒரு கறுப்புச் சிப்பாய்கூடப் படுத்துப் பெத்தேன்னு என் வாயால நான் சொன்னேன். பக்கத்துல உங்கப்பா தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அந்த அசிங்கத்தைப் பூசிக்கிட்டது யாருக்காக? நீ பல் டாக்டர் ஆனியே, அதுக்காக. அங்கேயே இருந்திருந்தா இந்நேரம் துறையில மீன் கழுவிக்கிட்டிருப்பே."

"அதுக்கு அவருதான் விலையா?"

"அதுக்கு அவனும் இங்க வந்தானில்லே? சோறு போட்டேனில்லே?" அம்மா குரலைத் தாழ்த்தினாள். "வாயத் திறக்கறதுக்கு முன்னாடி உன் பாஸ்போர்ட்ட நினைச்சுப் பாரு. நீ யாரா வந்தே? அவன் தங்கச்சியா. கியெட்டு யாரா வந்தான்? அவன் தம்பியா. பொய்க் காகிதம்னு தெரிஞ்சா மூணு பேரு குடியுரிமையும் கேள்விக்குறி. அவனோடதும் சேத்து நாலு. போ, போய் நல்லவளா இரு."

அம்மா கண்ணாடியில் உதட்டைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

*

வேன், தெருமுனை மரத்தடியில் நின்றது. யாரோ கொடுத்தனுப்பிய பன்றிக் கறியும் சோறும் தொடாமல் அவன் மடியில் இருந்தன.

குயென் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். லெட்டர்கள், கடுதாசி, கோழி. தானும் ஒரு மாதம் பாடம் படித்துப் பொய் சொன்னது. அது அவனுக்குத் தெரிந்ததுதான், இருந்தும் சொன்னாள்.

 அவள் சொல்லி முடித்ததும் அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கத்தித் தழும்புகளும் கொதிநீர்த் தழும்புகளும் நிறைந்த கைகள்.

"போன மாசம்தான் படைச்சேன்" என்றான். "மாம்பழம் நல்லாவே இல்லே. அம்மாவுக்குப் பிடிக்காதேன்னு நினைச்சேன்."

"அண்ணா..."

"அப்ப அதையெல்லாம் யாரு சாப்பிட்டா, குயென்?"



"கோபப்படுங்கண்ணா. கத்துங்க. எதையாவது உடைங்க!"

"எனக்குக் கோபமா என்னன்னு தெரியலே. வாயெல்லாம் அழுகின மீன் ருசி" என்றான். "அவங்க கையால போட்ட சோத்தைத்தானே இத்தனை நாளு தின்னேன்."

வேன் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். அம்மா. குயெனைப் பார்க்காமல், அவனிடம் மட்டும் பேசினாள்.

"இங்க வேலை முடிஞ்சுது. நீ பஸ் பிடிச்சுக் கடைக்குப் போ. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எலும்பு இப்பவே அடுப்புல ஏறணும்."

சோன் அவளை நெடுநேரம் பார்த்தான். பதினெட்டு வருடத்தில் அப்படி நேருக்கு நேராகப் பார்த்ததில்லை. மடியிலிருந்த தட்டை எடுத்து, கண்ணாடியை இறக்கி, அவள் கையில் கொடுத்தான்.

"எலும்ப நீங்களே வேக வச்சுக்குங்க" என்றான். பெரியம்மா என்ற வார்த்தை வரவில்லை.

அம்மா தட்டோடு அப்படியே நின்றாள். பட்டு உடையில் பன்றிக் கொழுப்பு சொட்டியது.

*

விருந்து கலைந்தபோது மணி இரண்டரை. அம்மா கூடத்தில் மிச்சமிருந்த உறவினருக்குப் பழம் பங்கிட்டுக்கொண்டிருந்தாள். குயென் சோனைப் பின்வாசல் வழியாக நாலாம் அத்தையின் அறைக்கு அழைத்துப்போனாள். அறைக்குள் யென் ஏற்கெனவே இருந்தாள். நிச்சயதார்த்தச் சிவப்பு உடையை மாற்றியிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"துவைக்கிற ரூமுக்குப் பக்கத்துலதான் என் ரூமு" என்றாள். "உடை மாத்த வந்தேன். எல்லாத்தையும் கேட்டேன்."



யென் இரண்டு காதுகளிலிருந்தும் தோடுகளைக் கழற்றினாள். குயெனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "இத மாட்டின கைய நினைச்சா உடம்பெல்லாம் கூசுது. அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லலே. கியெட்டுக்கு இது தெரியுமா தெரியாதான்னு முதல்ல அவரு வந்து எனக்குச் சொல்லட்டும். தெரிஞ்சும் சும்மா இருந்திருந்தா, இது உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"அவனுக்குத் தெரியாது."

"அத அவருதான் சொல்லணும் அக்கா." கதவருகே போனவள் சோன் முன்னால் நின்றாள். சின்னப் பெண் மூத்தவருக்குச் செய்கிற மாதிரி, கையைக் கட்டிக் குனிந்து வணங்கினாள். அவன் பதறிப்போய் எழுந்து நின்றான். யென் கியெட்டைத் தேடி வெளியே போனாள்.

நாலாம் அத்தை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு போனில் எண்களை அழுத்தினாள். "அங்க விடிகாலை அஞ்சு. அவ பொட்டலச் சோறு விக்கக் கிளம்பியிருப்பா. பாலத்தடியில டீக்கடைக்காரன் போன் வச்சிருக்கான்."

மணி அடித்தது. ஒரு ஆண் குரல். அத்தை கத்தினாள்: "யாரு, மொட்டையனா? நான்தான்டா, அமெரிக்காலேர்ந்து! ஏழாமக்கா வந்துட்டாளா? கூப்பிடு! ஓடிப்போய்க் கூப்பிடு! போன உடனே எதுவும் சொல்லிடாதே, உக்கார வையி!"

போன் மேஜைமேல் ஒலிபெருக்கியில் கிடந்தது. லாரிகள் போகும் சத்தம் கேட்டது. எங்கோ சேவல் கூவியது. சோன் கட்டிலின் ஓரத்தில், கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடுகள் எதையோ ஒத்திகை பார்த்தன.

"யாரு?" மூச்சு வாங்கும் ஒரு பெண் குரல். "நாலாமவளா? என்ன இந்நேரத்துல? யாருக்காவது உடம்புக்கு..."

"அக்கா, உக்காந்துட்டியா? பக்கத்துல எதையாவது பிடிச்சுக்க. நம்ம லான் இங்க இருக்கான். என் எதிர்ல உக்காந்திருக்கான்."

 அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்து போனது.

"அக்கா?"

"அவனுக்கு நேத்துதானேடி சோறு வச்சேன்" என்றது குரல், மிகவும் தணிந்து. "சாமி ரூமுல இன்னும் கிண்ணம் இருக்கு."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். குயென் சோனின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவன் போனை நோக்கிக் குனிந்தான். மூச்சு மட்டும் போனில் விழுந்தது. 

"யாரது மூச்சு விடறது?" என்றது குரல். "லானா? நீ பேயா இருந்தாலும் பரவாயில்லடா. எனக்குப் பயமில்லே. பேசு."

"அம்மா" என்றான் அவன்.

அந்த வார்த்தையை வெளியே சொல்ல அவனுக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது. சொன்னபின் நிறுத்தத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே, தோடில்லாத யென்னின் பின்னால், முகம் வெளுத்துப்போய் நின்றிருந்த கியெட்டின் காதில் விழும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.